அக்காவின் ரத்தம் போட்ட குஞ்சுகள்

கோழிக்குப் புற்றுநோய் வரும் என்று சொன்னால் பட்டணத்தில் சிரிப்பார்கள். நாமக்கல் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். நன்றாகத் தின்றுகொண்டிருந்த கோழி, முட்டைக்கு வரும் வயதில் திடீரென்று கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்தி, வயிறு மட்டும் பெருத்துப்போய்க் கொட்டகை மூலையில் நிற்கும். தூக்கி அடிவயிற்றில் விரலை அழுத்தினால் உள்ளே கெட்டியாக ஈரல் தட்டுப்படும். அறுத்துப் பார்த்தால் வயிறு முழுக்க ஈரல்தான் அடைத்துக்கொண்டிருக்கும், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். எங்கள் ஆட்கள் அதை ஈரல் சீக்கு என்றார்கள். நான் படித்த படிப்பில் அதற்கு லூக்கோசிஸ் என்று பெயர்.

அந்த நோயைக் கொண்டுவருவது ரெட்ரோவைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. உள்ளே நுழைந்ததும் அது தன்னைக் கோழியின் உயிரணுவிலேயே எழுதிவைத்துக்கொள்ளும். அப்புறம் எது கோழி, எது கிருமி என்று பிரிக்க முடியாது. தாய்க்கோழியிடம் இருந்தால் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த நான், வேறு வேலை இல்லாதவன் போல இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

பேராசிரியர் சென்னையில் இருந்தார். நோய் நாமக்கல்லில் இருந்தது. ஆகவே என்னை நாமக்கல்லுக்கு அனுப்பிவிட்டார். அங்கே எனக்குக் கொடுத்த ஆய்வுக்கூடம் ஒற்றை அறை. நோயைக் கொடுத்து வளர்க்கவேண்டிய குஞ்சுகளைத் தனியாக வைக்க இடமில்லை. திருச்செங்கோடு சாலையில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு இருந்தது. அவளும் மச்சானும் கோழிப்பண்ணையும் அதையொட்டிச் சின்னதாக ஒரு குஞ்சு பொரிப்பகமும் வைத்திருந்தார்கள். கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம், பண்ணையிலிருந்து நல்ல தூரத்தில், பயன்படாமல் ஒரு பழைய ஓட்டுக் கொட்டகை கிடந்தது. அதை எனக்குக் கொடுத்தார்கள்.

பண்ணையில் தாய்க்கோழிகள் முழுக்க அக்காவின் பொறுப்பு. ஒவ்வொரு கோழிக்கும் காலில் வளையம் போட்டிருப்பாள். எந்தக் கோழி வைத்த முட்டை என்று முட்டையின் மேலேயே பென்சிலால் எழுதுவாள். ஒரு தாய்க்கோழிக்கு ஈரல் சீக்கு என்று தெரிந்துவிட்டால், அதன் முட்டை எதுவும் அதற்குப் பிறகு பொரிப்பானுக்குள் போகாது. ஏற்கெனவே பொரித்த குஞ்சுகளை உடனே பிரித்து எட்டக் கொண்டுபோய் விடுவாள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, முட்டைக்கு வந்து, வயிறு மெத்தென்று இருந்தால்தான் பெரிய கொட்டகையில் சேர்ப்பாள். மற்ற பண்ணைகளில் இவ்வளவு கறார் கிடையாது. அவள் குஞ்சுக்கு நல்ல பெயர் இருந்ததற்கு அதுதான் காரணம்.

என் வேலை அதற்கு நேர் எதிரானது. செத்த கோழியின் கட்டியை அரைத்து, உயிரணு ஒன்றுகூடப் புகமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரை ஒருநாள் குஞ்சின் வயிற்றில் ஊசியால் போடுவேன். பிறகு காத்திருப்பேன். குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வரும் பருவத்தில் ஈரல் வீங்கும். அறுத்துப் பார்ப்பேன். சில தாய்க்கோழிகளின் முட்டைகளைப் பொரிக்கவைத்து, நோய் எத்தனை தலைமுறைக்குப் போகிறது என்றும் பார்ப்பேன். ஓரத்தில் நின்று பார்த்த மச்சானுக்கு இது பிடிபடவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டார். "ஏம் மாப்ள, சீக்கு வந்த கோழியக் கழிச்சுட்டுப் போறோம். நீயி நல்லா இருக்கற குஞ்சுக்கு ஊசி போட்டு வரவெக்கறயே, இது என்ன படிப்பு?"

"மனுசனுக்கு இந்த மாதிரி போட்டுப் பாக்க முடியாதுங்க மச்சான். புத்துநோய் எப்படி ஆரம்பிக்குது, எப்படி அம்மாகிட்டருந்து புள்ளைக்குப் போகுதுன்னு கோழியிலதான் பாக்க முடியும். எலியிலயும் பூனையிலயும் பாக்கறாங்க. கோழியில தெரிஞ்சா நாளைக்கு மனுசனுக்கு ஆகும்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா கரண்டியை நிறுத்தினாள். "அப்ப உனக்குக் கோழியும் நாங்களும் ஒண்ணுதானா சாமி? நல்லாருக்குது உன்ற மரியாதி."

மூவரும் சிரித்தோம். அவள் அப்போது மாசமாக இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கியிருந்த பிள்ளை.

பெண் குழந்தை பிறந்தது. வீடே அதைச் சுற்றி ஓடியது. அக்கா மட்டும் தேறவில்லை. பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு எல்லோருக்கும் வரும் அசதி என்றார்கள். விடியற்காலையில் வேர்த்து எழுந்தாள், சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. குழந்தை எழுந்து நிற்கப் பழகிய சமயம் ஒரு நாள் முட்டை அறையில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். புடவைக்கு மேலாகவே இடது விலாவுக்குக் கீழே தன் விரல்களை அழுத்திக் காட்டினாள். கோழியைத் தூக்கிப் பார்க்கும் அதே விரல்கள், அதே அழுத்தல்.

"உள்ள கெட்டியா என்னமோ இருக்குது. தொட்டுப் பாரு."

நான் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

சேலத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் மச்சானையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு ரத்தப் புற்றுநோய் என்றார். விலாவுக்குக் கீழே தட்டுப்படுவது மண்ணீரல், ஈரலும் கொஞ்சம் பெருத்திருக்கிறது என்றார். மாத்திரை இருக்கிறது, சிலகாலம் பிடித்துவைக்கும், பிறகு பிடிக்காது. எவ்வளவு காலம் என்று மச்சான் கேட்டதற்கு அவர் சீட்டில் எழுத ஆரம்பித்தார். வெளியே பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் என்ன சொல்வதென்று நாங்கள் முடிவுசெய்வதற்குள் அவள் எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஈரலா?"

மச்சான் ஆமென்று தலையை ஆட்டிவிட்டார். அவருக்குப் பொய் வராது. எனக்கும் வராது. எங்கள் குடும்பத்துக்குப் பெரிய சாபக்கேடு அது.

சேலம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். குழந்தை அக்காவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பி மல்லூர் தாண்டியிருக்கும். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தவள், சட்டென்று குழந்தையை மார்பிலிருந்து எடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மச்சானின் மடியில் வைத்தாள். குழந்தை வீறிட்டது. மச்சான் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்குங்க. இனி இவள நாந் தொடறதில்ல."

ஆண்டகளூர் கேட் தாண்டியும் குழந்தை அழுதது. பஸ்ஸில் இருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பால் குடுத்தா என்னம்மா, எப்பேர்ப்பட்ட தாயி நீயி என்று பின்சீட்டு அம்மாள் ஒருத்தி சத்தமாகவே திட்டினாள். அக்காவின் ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்துகொண்டே வந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

பித்துப் பிடித்துவிட்டது என்று மச்சான் நினைத்தார். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. தாய்க்குச் சீக்கு என்று தெரிந்த நிமிஷத்தில் குஞ்சைப் பிரித்துவிட்டாள். தன் பண்ணையில் அவள் பல காலமாகச் செய்துவந்ததுதான் இது.

வீட்டுக்குப் போனதும் முட்டை அறைக்குப் பக்கத்து அறையில் தன் பாயைப் போட்டுக்கொண்டாள். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. குழந்தை வாசலில் தவழ்ந்து வந்தால் கதவைச் சாத்திவிடுவாள். கதவை அது உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே சத்தமே இருக்காது. இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மச்சான் குமாரபாளையத்தில் இருந்த தன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். விசைத்தறி வைத்திருந்த குடும்பம். அந்த அம்மாளுக்குப் பிள்ளை இல்லை. என் அக்கா அவரை எங்கள் பக்க வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுவாள். வந்தவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாத்திய கதவுக்கு முன்னால் நின்று அழுதார். அக்கா உள்ளேயிருந்தே, "கூட்டிக்கிட்டுப் போங்க நங்கை. நல்லா இருந்தா அப்பறம் நானே கேக்கறேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. படித்த திமிரும் அதில் கலந்திருந்தது என்றே சொல்லவேண்டும். மறுநாள் அறைக்குள் போய் உட்கார்ந்து, அவளுக்கு விளங்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். மனிதனுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் தொற்றாது, பாலில் போகாது, தொட்டால் வராது. சேலத்து டாக்டரைக் கேட்டாலும் அதையே சொல்வார் என்றேன்.

"அந்த டாக்டருக்குக் கோழியத் தெரியாது," என்றாள்.

"கோழி வேற, மனுசன் வேறக்கா."

"அப்பறம் எதுக்கு நீ கோழிய அறுக்கற?"

அவள் விடவில்லை.

"கோழியில பாத்தா மனுசனுக்கு ஆகும்னு நீதான சொன்ன? உன்ற மச்சானுக்குச் சோறு போட்டுக்கிட்டே நானுந்தான் கேட்டேன். எனக்கும் ஈரல் வீங்கியிருக்குது. ரத்தம் வெளுத்துப் போச்சு. முட்டைக்கு வர்ற வயசு மாதிரி, புள்ள பெத்த கையோட வந்துருக்குது. எல்லாம் ஒண்ணா இருக்குது, புள்ளைக்குப் போறது மட்டும் வேறயா?"

இன்று யோசித்தாலும் அந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு விலங்கில் பார்ப்பது வழியைக் காட்டுமே தவிர ஊரைக் காட்டாது என்று சொல்லியிருக்கலாம். அன்று அவள் இன்னொன்றும் கேட்டுவைத்தாள்.

"மனுசங்கிட்ட அந்த மாதிரிக் கிருமியே கெடையாதா? ஒண்ணுகூட?"

அந்த மாதம்தான் சென்னை நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தேன். மனிதனிலும் ரெட்ரோவைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அபூர்வமான ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று எழுதியிருந்தது. குடும்பத்துக்குள் பரவுகிறதோ, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறதோ என்ற சந்தேகமும் அப்போதே கிளம்பியிருந்தது. படித்தபோது துள்ளிக் குதித்தேன், எங்கள் கோழிகள் ஜெயித்துவிட்டன என்று பேராசிரியரிடம் ஓடினேன். அக்காவுக்கு வந்தது அந்த ரகமே இல்லை. அது எங்கோ கடல் தாண்டிய ஊர்களின் நோய். இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஒரு மூச்சு தாமதித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குது," என்றாள் அவளே.

அது வேறு, உனக்கு வந்தது வேறு என்று அதன் பிறகு நான் தொண்டை வறளப் பேசியது எதுவும் எடுபடவில்லை. நோயாளியிடம் பேசுவதற்கு ஆராய்ச்சிக்காரனைப் போல லாயக்கற்றவன் யாரும் இல்லை.

சில நாள் கழித்து அவளே ஒரு யோசனையோடு வந்தாள். கடலைக்காட்டு வரப்பில் மெதுவாக நடந்து என் கொட்டகை வரைக்கும் வந்து, வாசலில் குந்திக்கொண்டாள்.

"என்ற ரத்தத்த எடு. ஒருநாள் குஞ்சுக்குப் போடு. நீ பண்றாப்பலயே பண்ணு. குஞ்சு முட்டைக்கு வர்ற வரைக்கும் பாக்கலாம். ஈரல் வீங்கலீன்னா எங்கிட்ட இருக்கறது அந்தச் சீக்கு இல்லைன்னு நம்பிக்கறேன். புள்ளையக் கூட்டியாரச் சொல்றேன்."

"மனுச ரத்தம் கோழிக்குள்ள நிக்காதுக்கா. வந்தாலும் வராட்டியும் அதுல ஒண்ணும் தெரியாது."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சென்னைக்குப் போனபோது பேராசிரியரிடம் சொன்னேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முடிவு எதுவானாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. தெரியும்தானே?" என்றார். தெரியும் சார் என்றேன். "அப்படியென்றால் செய்யுங்கள். கட்டுரையில் மட்டும் எழுதாதீர்கள்," என்றார்.

குஞ்சுகளை அவளே தேர்ந்தெடுத்தாள். தலைமுறை தலைமுறையாக ஈரல் சீக்கே காணாத ஒரு தாய்க்கோழியின் குஞ்சுகள். பொரிப்பானிலிருந்து எடுத்த ஈரம் காயாமல் அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் சுமந்து வந்தாள். நான் அவள் கையில் ரத்தம் எடுத்தேன். அதை ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் துளித்துளியாகப் போட்டேன். குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டது அவள்தான். உள்ளங்கையில் மல்லாத்தி, கட்டைவிரலால் கால்களை நீக்கிப் பிடிப்பாள். ஊசி போட்டு முடித்ததும் ஒவ்வொன்றையும் கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டுதான் கீழே விட்டாள். தன் பெண்ணைத் தொடாமல் இருந்தவள் அவள்.

என் ஆராய்ச்சிக் கோழிகளுக்கு எட்ட, நடுவில் சுவர் எழுப்பி அவற்றை வைத்தோம். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்குள் அவள் வந்துவிடுவாள். தீவனம் வைப்பாள், தண்ணீர் மாற்றுவாள், கடலைத்தோல் பரப்பிய தரையைக் கிளறிவிடுவாள். மாத்திரை வேலை செய்த காலம் அது. முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது. மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் குமாரபாளையம் போய்வருவார். அவர் வந்ததும் அக்கா துருவித் துருவிக் கேட்பாள். பல் எத்தனை முளைத்திருக்கிறது, பிடிக்காமல் நடக்கிறாளா, தறிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாளா, வயிறு எப்படி இருக்கிறது. கூட்டி வரட்டுமா என்று அவர் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையத்திலிருந்து திரும்பியவர் நேராக என் கொட்டகைக்கு வந்தார். "புள்ள ஓடி வெளையாடுது மாப்ள. இங்க இவ உன்ற கோழிக்கூட உக்காந்துருக்கா. ஒரு நாளைக்கு இத்தனைக்கும் கழுத்தத் திருகிப் போடப்போறேன், பாத்துக்கிட்டே இரு," என்றார். திருகிப் போட்டால் அக்கா என்ன ஆவாள் என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துவிட்டுப் போனார்.

மழைக்காலத்தில் ஒரு குஞ்சு செத்தது.

அக்காதான் முதலில் பார்த்தாள். நான் போனபோது செத்த குஞ்சை முறத்தில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "அறு," என்றாள். உள்ளே எடுத்துப் போகிறேன் என்றேன். "என்ற கண்ணு முன்னால அறு." வேப்பமரத்தடிக் கல்லில் வைத்து அறுத்தேன். ஆயிரக்கணக்கில் அறுத்தவன், அந்த ஒரு குஞ்சுக்குக் கத்தியை இரண்டு முறை துடைத்தேன். கோழிக்கு உள்ள குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டி வீங்கியிருந்தன. மழை ஈரத்தில் எல்லாப் பண்ணையிலும் வருகிற ரத்தக்கழிச்சல். ஈரல் அதன் அளவில், அதன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அக்கா விரலால் ஈரலைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள்.

"கழிச்சல்தான்," என்றாள். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நோய் தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அன்றே தண்ணீரில் மருந்து கலந்து வைத்தோம். மற்றவை பிழைத்துக்கொண்டன.

"இதுக்கு மேல என்னக்கா? பாத்துட்டயே, ஈரல்ல ஒண்ணுமில்ல. புள்ளையக் கூட்டியாரலாம்."

"குஞ்சுல எப்பவும் நல்லாத்தான் இருக்கும். முட்டைக்கு வரட்டும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அந்த நோய் பருவத்துக்கு வரும்போதுதான் வெளியே தலைகாட்டும். நானே எத்தனையோ பண்ணைக்காரர்களிடம் அவசரப்படாதீர்கள் என்று அதைச் சொல்லியிருக்கிறேன். கோழிகளுக்கு அவகாசம் இருந்தது. அவளுக்கு இல்லை.

மழை ஓய்ந்து பனி இறங்கியபோது நோய் மாத்திரைக்குக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஜுரம் விடவில்லை. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நீலமாயிற்று. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. சென்னைக்குக் கூட்டிப்போனோம். பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பி வந்தவளால் கொட்டகைக்கு நடக்க முடியவில்லை. மச்சான் கயிற்றுக் கட்டிலை எடுத்துவந்து கொட்டகை ஓரத்து நிழலில் போட்டார். கழுத்தைத் திருகுவேன் என்ற மனிதர், காலையில் அவளைத் தூக்கிவந்து படுக்கவைத்துவிட்டு, அந்தக் கோழிகளுக்குத் தானே தீவனம் வைத்தார்.

முட்டைக்கு வரப்போவதற்கு அடையாளமாகக் கோழிகளின் கொண்டை ஒவ்வொன்றாகச் சிவந்தது. ஏதாவது ஒன்றுக்கு வேறெங்கிருந்தாவது ஈரல் சீக்கு தொற்றியிருந்தால்? சுவருக்கு அந்தப் பக்கம் நானே வளர்க்கும் நோய்க்கோழிகள் இருக்கின்றனவே. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தது. என் கோழிகளுக்கு நோய் வரவேண்டும், அவள் கோழிகளுக்கு வரக்கூடாது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டையும் வேண்டிக்கொண்டு திரிந்தேன்.

முதல் முட்டை தை பிறந்த பிறகு வந்தது. சின்ன முட்டை, ஓட்டில் லேசாக ரத்தக் கீற்று, கன்னி முட்டை அப்படித்தான் இருக்கும். மச்சான் அதைக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தார். அவள் முட்டையைப் பார்க்கவில்லை. கோழிகளைக் கொண்டுவாருங்கள் என்றாள். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். படுத்தபடியே அடிவயிற்றில் விரல் வைத்துப் பார்த்தாள். விரலில் பலம் இல்லாததால் என் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன்.

"எல்லாம் மெத்துனு இருக்குது," என்றாள். "கூட்டியாரச் சொல்லுங்க."

முட்டைக்கு வந்த பிறகும் சில கோழிகளுக்கு அந்த நோய் வருவதுண்டு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

மச்சானும் நானும் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். தறிச் சத்தம் தெருவெல்லாம் அடித்துக்கொண்டிருந்த அந்தக் குமாரபாளையம் வீட்டில், குழந்தை நூல் கண்டை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நன்றாக வளர்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து ஓடி மச்சானின் அக்காவைக் காலோடு கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா, ஆரு?" என்றது. அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது.

"நாஞ் சொல்லிக் குடுக்கலீங்க தம்பி," என்றார் என்னிடம். "சாமி சத்தியமா நாஞ் சொல்லிக் குடுக்கல. அத்தைன்னுதான் சொல்லச் சொன்னேன். அதாக் கூப்பிட்டுப் பழகிக்கிச்சு."

அவர்மேல் யாருக்கு என்ன கோபம் இருக்க முடியும்? அவரும் எங்களோடு கிளம்பினார். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் குழந்தையின் காதில், நாம அம்மாவப் பாக்கப் போறோம், அம்மாகிட்டப் போகோணும், என்று சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்து, "அம்மா இதா," என்றது. மச்சான் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அக்கா தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ஈறில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துவிடச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் வாசலில் நுழைந்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். முடி கொட்டி, கண் உள்ளே போய், கையெல்லாம் நீலமாக இருந்தவளைக் கண்டு குழந்தை வீறிட்டது. மச்சானின் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அம்மாள் கையைப் பிரித்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அது மூச்சுப் பிடித்து அழுதது.

"உடுங்க நங்கை. பயந்துக்கும்," என்றாள் அக்கா. நீட்டிய கைகளை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள். "தூங்கவெச்சுட்டு அப்பறம் குடுங்க."

மத்தியானம் சோறூட்டித் தூங்கவைத்து, குழந்தையை அவள் மடியில் கிடத்தினார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொடைமேல் அந்தப் பாரம் அவளுக்கு வலித்திருக்கும், எடுக்க விடவில்லை. கால் விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இடமாகத் தடவினாள். குனிந்து உச்சந்தலையை முகர்ந்தாள். எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டாள். கதவு திறந்திருந்ததால் வாசலில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் சாயும் நேரத்தில் குழந்தை அசைந்து, கண்ணைத் திறக்காமலே சிணுங்கியது. "அம்மா," என்றது.

வெளியே மச்சானின் அக்கா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார். அக்கா குனிந்து அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகக் கூப்பிட்டது.

"நங்கை," என்று அக்கா குரல் கொடுத்தாள். "உங்களத்தான் கூப்புடறா. கண்ணு முழிச்சு என்னையப் பாக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்குங்க."

மச்சானின் அக்கா ஓடிப்போய் எடுத்துக்கொண்டார்.